மந்தை நாயும் மனிதரும்: இரு ஆங்கில நாவல்கள்

கிராமிய வாழ்வைப் பேசும் ஆங்கில நாவல்களில் மந்தை நாய் வெறும் வளர்ப்புப் பிராணி அல்ல. அதுவும் ஓர் உழைப்பாளி. மேய்ப்பனின் சீழ்க்கை ஒலி கேட்டு ஓடி, சிதறிய ஆடுகளை ஒன்றுசேர்ப்பதே அதன் தொழில். மந்தையைக் காப்பதற்காக நாய் வைத்திருப்பதை நமது மார்க்கமும் அனுமதித்துள்ளது. அந்தக் காவல் நாயே ஆடுகளுக்கு ஆபத்தானால் என்ன நடக்கும்? நான் வாசித்த இரண்டு நாவல்கள் இதற்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன.

முதலாவது, தோமஸ் ஹார்டி 1874 இல் வெளியிட்ட ‘பார் புரொம் த மாடிங் கிரவுட்’. கதாநாயகன் கப்ரியல் ஓக்கிடம் இரண்டு நாய்கள் இருந்தன. இளைய நாய்க்கு ஆடுகளைத் துரத்தத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பது தெரியாது. ஓரிரவு அது துரத்தியதில் 200 சினையாடுகள் பள்ளத்தில் வீழ்ந்து மடிகின்றன. அவை கடன்பட்டு வாங்கியவை, காப்புறுதியும் இல்லை. நாய் அன்றே சுட்டுக் கொல்லப்படுகிறது. ஆயினும் ஓக்கின் உள்ளத்தில் முதலில் எழுவது தன் நட்டம் பற்றிய கவலையல்ல, அந்த வாயில்லா ஜீவன்கள் மீதான இரக்கமே. உள்ளதை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, உடுத்த உடையுடன் வேலை தேடிப் புறப்படுகிறான். பின்னர் பத்ஷீபா என்பவளின் பண்ணையில் கூலி மேய்ப்பனாகி, அவளது பெரும் நம்பிக்கையைப் பெறுகிறான்.

இரண்டாவது, அல்பிரட் ஒலிவன்ட் எழுதிய ‘ஔட் பொப்’ (1898). ‘முதிய பொப்’ என்பது இதன் பொருள். வட இங்கிலாந்தின் மலைக்கிராமம் ஒன்றில், ஜேம்ஸ் மூரின் நாய் பொப். அவரது எதிராளி அடம் மக்அடமின் நாய் ரெட் வுல். மனைவியை இழந்த மக்அடம் தன் மகன் டேவிட்டை ஓயாது கடிந்துகொள்கிறான். அன்பு முழுவதையும் நாய்மீதே கொட்டுகிறான். இரவில் ஆடுகளைக் கொல்லும் நாய் எது என்று ஊரே தேடும்போது, மூரின் நாய்மீது பழி சுமத்துகிறான். கடைசியில் கொலைகாரன் ரெட் வுல்தான் என்பது வெளிப்படுகிறது. ஊர் நாய்கள் சேர்ந்து அதனைக் கொன்றுவிடுகின்றன. மகனோ எப்போதோ மூரின் குடும்பத்துடன் ஒன்றிவிட்டான்.

இரு கதைகளிலும் மந்தைக்குத் தீங்கு செய்த நாய் இறக்கிறது. அந்தச் சட்டத்தில் மாற்றமில்லை, மனிதர்களில்தான் மாற்றம். ஓக் தன் இழப்பை ஏற்றுக்கொண்டு பிறருக்குரியதைக் கொடுத்தான், மீண்டும் எழுந்தான். மக்அடம் தனக்கு உரியதில் குறையே காண மறுத்தான். மகனுக்குரிய அன்பையும் கொடுக்கவில்லை. அவன் இழந்தது நாயை மட்டுமல்ல. நாயைப் பற்றிய கதைகள்தானே என்று ஒதுக்காமல், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க வேண்டிய நாவல்கள் இவை.