இரவு ஊசியும் விடியற்கால வேலையும்

இனிப்பு நீர் நோய்க்காக இரவில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தொழிலாளர்களில் சிலர், நள்ளிரவில் உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி ஒருமுறை விழித்துவிட்டால் மறுநாள் முதல் ஊசியையே நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தியபின் நடுக்கம் வருவதில்லை. ஆகவே தாம் செய்தது சரியே என்று எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் கட்டுப்பாடின்றி ஏறிய சர்க்கரை ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. காலில் ஆறாத புண்ணும், மங்கிய பார்வையும், சிறுநீரகக் கோளாறும் அதன் பின்னரே தெரியவருகின்றன. ஊசியை நிறுத்துவதும் தீர்வன்று. அஞ்சிக்கொண்டே அதே அளவைப் போட்டுவருவதும் தீர்வன்று. அளவையும் நேரத்தையும் திருத்திக்கொள்வதே முறை. அது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

படுக்கும் வேளையில் போடப்படும் நீண்டநேர இன்சுலினைப் பற்றியே நாம் பேசுகிறோம். உணவுக்கு முன் போடும் மருந்துக்கும், இருவகையும் சேர்ந்த கலப்பு மருந்துக்கும் கணக்கு வேறு.

நீண்டநேர மருந்திலும் வகைகள் உண்டு. வெண்மையாகக் கலங்கித் தெரியும் என்.பி.எச். என்பது பழைய வகை. இன்சுலினுடன் மீனிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்தால் அது உடலில் மெதுவாகக் கரையும் என்பதை டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹாகெடார்ன் 1936-இல் வெளியிட்டார். அவ்வழியில் பிறந்ததே இம்மருந்து. இதன் வேகம் ஒரே சீராக இராது. போட்ட 4 மணி நேரத்திற்குப் பின் ஏறத்தொடங்கி, ஏறத்தாழ 10 மணி நேரம் வரை அதன் உச்சம் நீடிக்கக்கூடும். தெளிந்த நீர்போல் இருக்கும் கிளார்ஜின் போன்ற புதிய மருந்துகள் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் சமமாக வேலை செய்வன. அவற்றால் இரவுத் தாழ்வு குறைவு, ஆயினும் அறவே இல்லை என்று கூற இயலாது.

இனி, பால்மரம் சீவுவோரின் நாளை நோக்குவோம். மாலை 7 மணிக்கு உணவு, அப்போதே என்.பி.எச். ஊசியையும் போட்டுக்கொண்டால் அதன் உச்சம் இரவு 11 மணி முதல் விடியல் 5 மணிக்குள் அமைகிறது. உடலுக்கு இன்சுலின் மிகக் குறைவாகத் தேவைப்படும் நள்ளிரவும் அதனுள் அடங்குகிறது. அதோடு, காலை முழுதும் நிரை நிரையாக நடந்து, மரம் சீவி, வாளி சுமந்த உடல், செலவிட்ட சர்க்கரையை இரவிலும் இரத்தத்திலிருந்து இழுத்துத் தசைகளில் நிரப்பிக்கொண்டிருக்கும். கடும் உழைப்பின் விளைவு ஒரு நாள் வரை நீடிக்கும். நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவருக்குப் பொருந்திய அளவு, சீவுபவருக்கு மிகையாவதில் வியப்பில்லை. இன்ன வேலை, இத்தனை மணிக்குப் பெரட்டு, இத்தனை மணிக்கு உறக்கம் என்பதைக் கேட்காமலே எழுதப்பட்ட அளவாயின், தொழிலாளரே அதை எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது.

உறக்கத்தில் சர்க்கரை இறங்குவதை எல்லாரும் உணர்வதில்லை. நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலையில் தலைவலி, எழுந்தும் தெளியாத மயக்கம் ஆகியவை அடையாளங்கள். வெக்கையான வீட்டில் வியர்வையை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதே இதிலுள்ள தொல்லை. அருகில் உறங்கும் மனைவியோ பிள்ளைகளோ புலம்பலையும் நடுக்கத்தையும் முதலில் காண்பவர்கள்; கிளினிக்குக்கு அவர்களும் உடன் செல்வது நன்று.

சந்தேகம் எழுந்தால் இரண்டு மூன்று இரவுகள், விடியற்காலை 3 மணிக்கு எழுந்து விரலில் குத்தி அளந்து பார்க்க வேண்டும். 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் அது தாழ்வு. 3-க்கும் கீழ் எனில் ஆபத்தான தாழ்வு. இதைச் செய்யாமல், காலைச் சர்க்கரையை மட்டும் பார்த்து இரவு மருந்தை ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் சீவுவதைப் போன்றது. இரவில் இறங்கிய சர்க்கரைதான் காலையில் மீண்டும் எழும்புகிறது என்று முன்பு பலர் நம்பினர். பிற்கால ஆய்வுகளின்படி அவ்வாறு நேர்வது அரிது. விடியலில் உடலே சுரக்கும் நீர்களாலும், இரவு உணவு மிகுவதாலும் காலையில் ஏறுவதே மிகுதி. எக்காரணமாயினும், 3 மணி எண்ணைப் பார்த்தபின் அளவை மாற்றுவதே பாதுகாப்பு.

தாழ்வு உறுதியானால் இரவு மருந்தை நூற்றுக்கு 10 முதல் 20 வரை குறைப்பது மருத்துவர் கைக்கொள்ளும் வழி. 20 யூனிட் போடுபவருக்கு அது 18 அல்லது 16 ஆகும். கிளினிக்கிற்குத் தொலைபேசியில் கேட்டேனும் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தவணை வரை காத்திருத்தல் கூடாது. என்.பி.எச். மருந்தாயின், மாலை உணவு வேளையிலிருந்து படுக்கும் 9 மணிக்கு ஊசியை மாற்றலாமா என்றும் கேட்க வேண்டும். உச்சம் விடியலை நோக்கி நகரும். ஆயினும் வெறும் வயிற்றோடு நிரைக்குச் செல்பவருக்கு அதுவே புதிய இடர். இருளில் தலைவிளக்கும் கத்தியுமாக நிற்கையில் தலை சுற்றுவது சிறிய செய்தியன்று. ஆகவே பசியாறிவிட்டே புறப்பட வேண்டும். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். குறைத்த பின்னும் தாழ்வு தொடர்ந்தால், மருந்து வகையையே மாற்றுவதுபற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொடர்ந்து நான்கைந்து நாள் மழை பெய்து சீவல் இல்லாதபோது, உழைப்புக் குறைந்து காலைச் சர்க்கரை ஏறும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டியவர், வெயில் அடித்து வேலைக்குத் திரும்பிய அன்றிரவே தாழ்வில் விழக்கூடும். மழைநாள் எண்களைக் கொண்டு அளவை நிலைப்படுத்தக் கூடாது. புத்தகத்தில் சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் "வேலை" அல்லது "மழை" என்று ஒரு சொல் எழுதிவைத்தால் மருத்துவருக்கு அது பெரும் உதவி.

சம்சு, பீர் முதலியவற்றின் தீமையை அனைவரும் அறிவர். இங்கு வேறொரு தீமையும் உண்டு. மது அருந்தினால், இரவில் இரத்தத்திற்குச் சர்க்கரை ஈந்து காக்கும் கல்லீரல் அப்பணியைச் செய்ய முடியாமற் போகிறது. உண்ணாமல் குடித்துவிட்டு ஊசியும் போட்டு உறங்கியவர் எழாமலே போகலாம். பார்ப்பவரோ போதை என்று விட்டுவிடுவர். தைப்பூசத்திற்கு ஒருவேளை உணவுடன் விரதம் காப்போரும் முன்கூட்டியே கிளினிக்கில் அளவைக் குறைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்க்கவும். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியாகத் தடித்திருந்தால் மருந்து ஒருநாள் தேங்கும், ஒருநாள் பாயும். கட்டியை விட்டு நல்ல இடத்திற்கு மாறும்போது அதே அளவு மிகையாகிவிடும் என்பதால் அதையும் தாதியிடம் கேட்டே செய்க. கலங்கல் மருந்துப் பேனாவை 10 முறை உருட்டி, 10 முறை கவிழ்த்துக் கலக்கிய பின்னரே போட வேண்டும். அடியில் தங்கிய மருந்து ஒருநாள் ஒன்றுமில்லாமலும் மறுநாள் இருமடங்காகவும் உடலில் ஏறும்.

படுக்குமுன் சர்க்கரை 5 அல்லது 6 என்று இருந்தால், இரண்டு மூன்று பிஸ்கட்டேனும் உண்டு படுப்பது நல்லது. நடு இரவில் தாழ்வு வந்துவிட்டால் 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து அளக்க வேண்டும். 4-ஐ எட்டவில்லையெனில் மீண்டும் அவ்வாறே. எட்டியபின் பிஸ்கட்டோ ரொட்டியோ உண்ண வேண்டும், ஏனெனில் ஊசி மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐ அழைக்க வேண்டும். ஊசிப் பேனாவையும், எத்தனை யூனிட் எத்தனை மணிக்குப் போட்டார் என்று எழுதிய புத்தகத்தையும் உடன் அனுப்புக. நீண்டநேர மருந்தால் தாழ்ந்த சர்க்கரை, ஏற்றிய பின்னும் மீண்டும் தாழக்கூடும். எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.