பிளொப்பியும் ஒரு நூலகத்துக் கணக்கும்



இந்த முறை பாடத்துக்கு யாழ்ப்பாணம் வரைக்கும் போவோம். 1981 மே 31 இரவும் ஜூன் 1 அதிகாலையுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகள் சிலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. அதே 1981 இல்தான் ஜப்பானின் சோனி கம்பனி மூன்றரை அங்குல பிளொப்பியைக் கொண்டுவந்தது. அந்த நூல்களை பிளொப்பியில் ஏற்றியிருந்தால் எத்தனை வேண்டியிருக்கும்? இந்தக் கணக்கைப் போட்டாலே பாடம் விளங்கிவிடும்.

பிளொப்பி என்பது பாட்டுக் கசெட் நாடாவின் அண்ணன் தம்பி மாதிரி. காந்தப் பூச்சுப் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டு, மேலே ஓர் உறை. 1971 இல் ஐ.பி.எம். விற்ற முதல் பிளொப்பி எட்டு அங்குலம், சாப்பாட்டுக் கோப்பை அளவு. பிடித்ததோ 80 கிலோபைட் மட்டும்தான். 1976 இல் ஐந்தேகால் அங்குலம் வந்தது. அது பிறகு 360 கிலோபைட், 1984 இல் 1.2 மெகாபைட் என்று வளர்ந்தது. மூன்றரை அங்குலத்தில் 720 கிலோபைட்டும், 1987 இல் 1.44 மெகாபைட்டும். உருவம் சிறுக்கச் சிறுக்கக் கொள்ளளவு கூடிக்கொண்டே போனதைக் கவனியுங்கள்.

எப்படிக் கூடியது? தட்டின் மேலே தேயிலை நிரை மாதிரி வட்ட வட்டமாகத் தடங்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு 80 தடம், ஒரு தடத்தில் 18 துண்டு, ஒரு துண்டில் 512 எழுத்து, இரண்டு பக்கம். பெருக்கிப் பாருங்கள்: 14,74,560. நிரையை நெருக்கி நட்டால் அதே மலையில் செடி கூடும், அவ்வளவுதான். இதை 1,024 ஆல் பிரித்து 1,440 ஆக்கி, அதைத் திரும்ப 1,000 ஆல் பிரித்து 1.44 என்று ஒட்டினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் இப்படி ரெண்டு படிக்கல் வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, நூலகம். ஒரு நூலுக்கு 200 பக்கம், பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று வைப்போம். ஒரு பிளொப்பியில் மூன்று நூல் அடங்கும். 97,000 நூலுக்கு 32,000க்கு மேல் பிளொப்பி! இன்று நகத்தளவு 64 கிகாபைட் அட்டை ஒன்றே போதும். இது பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கான கணக்கு. இன்றைய யுனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போவதால் இடமும் ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். சித்திரமும் படமும் சேர்ந்தால் கணக்கே வேறு.

2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து இலவசமாக வாசிக்கத் தருகிறது.

உங்கள் வீட்டிலோ சங்கத்துக் கந்தோரிலோ பழைய பிளொப்பி கிடந்தால் எறியாதீர்கள். பழைய பெயர்ப்பட்டியல், விழா மலர், பிள்ளைகள் எழுதிய கவிதை, எதுவும் அதில் இருக்கலாம். மூன்றரை அங்குலத்தின் மூலையில் இரண்டு துளை இருந்தால் 1.44, ஒன்றே என்றால் 720. முதலில் சிறு கதவைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். அப்போது மேலே எதுவும் எழுதப்படாது. தட்டில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம், ஓட்டியும் கெட்டுவிடும். நம் மலை ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். யூஎஸ்பியில் மாட்டுகிற பிளொப்பி ஓட்டி இன்னும் தேடினால் கிடைக்கிறது. சோனி 2011 இல் பிளொப்பி விற்பனையையே நிறுத்திவிட்டது. திறந்ததும் ஆங்கில எழுத்தாகக் கலைந்து தெரிந்தால் பயப்படாதீர்கள். அது பாமினியில் தட்டியதாக இருக்கலாம், யுனிகோடுக்கு மாற்றினால் தமிழ் வந்துவிடும்.