பிடித்த வரி திரும்பி வரும் வழி



செப்டம்பர் முதல் வாரம் ஒரு சாச்சி நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். வயது 63. கணவர் விட்டுச் சென்ற 8 லட்சம் ரூபாய் வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. வேறு வருமானம் இல்லை. 2024-25 நிதியாண்டில் அதற்கு 60,000 ரூபாய் வட்டி வரவாகி, அதில் 6,000 ரூபாயை வங்கி வரியாகப் பிடித்துவிட்டது. "வட்டிக் காசை நான் தொடுவதில்லை தம்பி, ஏழைக்குக் கொடுத்துவிடுகிறேன். இந்த ஆறாயிரம் போனது போகட்டுமா?" என்று கேட்டார்கள்.

போக விட வேண்டியதில்லை. வங்கி பிடித்தது இறுதி வரி அல்ல. முன்கூட்டியே பிடித்து அரசிடம் கட்டி வைக்கும் தொகை. அதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கையில் நமக்கு வரியே இல்லை என்றால் முழுத்தொகையும் நம்முடையது. ஆனால் ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை.

வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கணக்குப் பக்கம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வட்டியை நீங்கள் தொடாமல் கொடுத்துவிட்டாலும் வருமான வரிச் சட்டத்தில் அது உங்கள் வருமானம்தான். வங்கி அதை உங்கள் பான் எண்ணில் ஏற்றிவிடும். சாச்சி 60,000-ஐயும் கொடுத்துவிடுவதாக நிய்யத் வைத்திருந்தார்கள். கைக்கு வந்ததோ 54,000. அந்த ஆறாயிரம் வந்தால் இன்னொரு வீட்டுக்கு அரிசி.

டிடிஎஸ் என்பது வட்டியில் மட்டும் பிடிப்பதல்ல. இன்சூரன்ஸ் ஏஜெண்டு கமிஷன், காண்ட்ராக்ட் வேலை, சம்பளம் எல்லாவற்றிலும் உண்டு. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளின் என்ஆர்ஓ கணக்கில் வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிப்பார்கள். ஊரில் வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்கு அதில் பெரும்பகுதி திரும்ப வர வேண்டியது. பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு பிடித்தார்கள் என்பதைப் படிவம் 26ஏஎஸ்ஸில் பார்க்கலாம். வருமான வரித்துறை இணையதளத்தில் பான் எண்ணால் நுழைந்தால் கிடைக்கும். வங்கி பிடித்த தொகை அதில் இல்லை என்றால் ரிட்டர்ன் போட்டுப் பயனில்லை. முதலில் வங்கியிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

ரிட்டர்ன் போட்டதும் 30 நாளுக்குள் அதை வெரிஃபை செய்ய வேண்டும். ஆதாரில் பதிந்த மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். மலையில் சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் செம்மேட்டுக்கு வந்து செய்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, பெங்களூரு 560500-இல் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் 30 நாளுக்குள் சேரும்படி அனுப்பலாம். வெரிஃபை செய்யாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம். ரீஃபண்ட் வரவில்லை என்று என்னிடம் வருவோரில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பிறகு வேலை முழுவதும் பெங்களூரு மையத்தில். அங்கே கணினி நாம் எழுதியதையும் 26ஏஎஸ்ஸில் உள்ளதையும் ஒப்பிட்டு, 143(1) பிரிவின்படி ஓர் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறது. நாம் எழுதியது ஒரு பக்கம், அவர்கள் கணக்கிட்டது மறுபக்கம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பணம் ஸ்டேட் பேங்க் வழியாக நம் கணக்குக்கு வரும். சராசரியாக 2013-இல் 93 நாள் பிடித்தது 2024-இல் 17 நாளாகக் குறைந்துவிட்டது என்கிறது அரசு. சராசரிதான், உங்களுக்கும் பதினேழாம் நாள் வரும் என்று காத்திராதீர்கள். 2025 செப்டம்பரில் போட்ட ரிட்டர்னுக்கு அறிவிப்பு அனுப்பச் சட்டப்படி அவர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை நேரமுண்டு.

சாச்சியின் ரிட்டர்னைச் செப்டம்பர் 10 அன்று போட்டோம். 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: ரீஃபண்ட் 6,180 ரூபாய். அதிகப்படி 180 எதற்கு என்றால், 244ஏ பிரிவின்படி தாமதத்துக்கு மாதம் அரை சதவீதம் அரசு தருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு 3 சதவீதம். "அதுவும் வட்டியா?" என்று சாச்சி சிரித்தார்கள். ஆம், அடுத்த ஆண்டு ரிட்டர்னில் வருமானமாகவும் காட்ட வேண்டும்.

ஆனால் பணம் வரவில்லை. அக்டோபரில் நிலவரம் பார்த்தால் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று நின்றது. தவறு என்னுடையது. கணக்கு எண்ணைப் போட்டேன், அது வேலிடேட் ஆனதா என்று பார்க்கவில்லை. 2019 மார்ச் முதல் பான் இணைந்த, முன்கூட்டியே வேலிடேட் செய்த கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகிறது. பானில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் வேறாக இருந்தால் வேலிடேட் ஆகாது.

நம் சமுதாயத்தில் இதுதான் பெரிய தலைவலி. முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பானில் ஓ, ஆதாரில் யு, பாஸ்புக்கில் வெறும் எம்டி. தகப்பனார் பெயர் ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் முழுப்பெயர். பெண்களுக்குப் பீவி, பேகம், பானு ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. கதீஜாவுக்கு மட்டும் நான் ஐந்து எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எழுதிவையுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் சிக்கலாவது ஐஎஃப்எஸ்சி மாறிய கணக்குகளில். பல்லவன் கிராம வங்கி 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியானது, கரூர் லட்சுமி விலாஸ் 2020-இல் டிபிஎஸ்ஸுடன் இணைந்தது. அந்தக் காலத்துப் பாஸ்புக்கைப் பார்த்து எண் போடாதீர்கள். ஆதாருடன் இணைக்காமல் பான் செயலிழந்திருந்தாலும் ரீஃபண்ட் வராது. 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைக்க வேண்டும்.

சாச்சிக்கு வங்கியில் பெயரைத் திருத்தி, கணக்கை வேலிடேட் செய்து, இணையதளத்தில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' விண்ணப்பம் கொடுத்தோம். அக்டோபர் 28 அன்று பணம் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நிலவரம் பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இணையதளத்தின் முகப்பிலேயே 'நோ யுவர் ரீஃபண்ட் ஸ்டேட்டஸ்' உள்ளது. பான், மதிப்பீட்டு ஆண்டு, மொபைல் எண் போதும். சந்தேகத்துக்கு 1800 103 0025, கட்டணமில்லை. பழைய ஆண்டில் வரி பாக்கி இருந்தால் 245-ஆம் பிரிவில் ரீஃபண்டைக் கழித்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வரும். அந்தப் பாக்கி தவறு என்றால் 21 நாளுக்குள் மறுத்து எழுத வேண்டும். மௌனமாக இருந்தால் கழித்துவிடுவார்கள்.

'ரீஃபண்ட் தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்' என்ற குறுஞ்செய்தியை அழித்துவிடுங்கள். துறை ஒருபோதும் ஓடிபியோ ஏடிஎம் எண்ணோ கேட்காது.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. பிடித்த வரி முழுவதையும் வாங்கித் தருகிறேன், வருவதில் பங்கு கொடு என்று சொல்லும் இடைத்தரகர்கள். கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக்கடன் எல்லாம் எழுதிவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் இப்படிப்பட்டவர்களைச் சோதனையிட்டது. தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்க் கணக்குக்கு அபராதம் தப்பிய வரியைப் போல் இரு மடங்கு வரை. தரகர் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பான் உங்களுடையது.

மிளகு, காப்பித் தோட்டம் வைத்திருப்போர் கவனிக்க: சொந்த நில விளைச்சலுக்கு வரி இல்லை என்றாலும் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 படிவம் ஆகாது.

2024-25 ஆண்டுக்கு ரிட்டர்ன் போடாதவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை வாய்ப்பிருந்தது. அந்த ஆண்டுக்கு மொத்த வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் இல்லை. அந்தத் தேதியும் தவறினால் காரணம் எழுதி மன்னிப்பு மனு கொடுக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டு வரை ஏற்பார்கள், ஆனால் அலைச்சல். 60 வயதானோர் வரி இல்லாதபட்சத்தில் ஏப்ரலிலேயே வங்கியில் அதற்கான படிவத்தை (2026 மார்ச் வரை படிவம் 15எச்) கொடுத்துவிட்டால் பிடித்தமே இராது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்களும் படிவப் பெயர்களும் வேறு. வங்கியில் கேட்டு வாங்குங்கள்.

இன்ஷா அல்லாஹ் டிசம்பர் மாதம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். பான், ஆதார், நடப்புப் பாஸ்புக், வங்கி தந்த டிடிஎஸ் சான்று, ஆதாரில் பதிந்த மொபைல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மொபைல் மகன் கையில் சேலத்தில் இருந்தால், மகனையும் அழைத்து வாருங்கள்.