கோடையில் பறவை பார்க்கப் போகும் மாணவருக்கு

பரீட்சைகள் முடிந்து பள்ளிக்கூடங்களை அடைத்ததும் பறவைச் சரணாலயங்களின் காவற்கோபுரங்களில் பிள்ளைகளின் கூட்டம் பெருகுவதைச் சில ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். பறவைகளின்பால் இளைஞருக்கு நாட்டம் உண்டாவது சந்தோஷமே என்றாலும், போய்ச் சேர்ந்த இடத்தையும் கழுத்தில் தொங்கும் உபகரணத்தையும் அவர்கள் தாமே ஆராய்ந்து தேர்ந்ததாகத் தெரியவில்லை. சிநேகிதன் வாங்கிவிட்டான் என்பதற்காகச் சிலரும், எதில் இறங்கினாலும் ஒரு பரிசு வாங்கி வர வேண்டும் என்று தகப்பனார் வற்புறுத்துவதற்காகப் பலரும், முழங்கை நீள லென்ஸைச் சுமந்து வெயிலில் திரிகிறார்கள். அவர்களையும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பெரியோரையும் உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

எங்கே போவது என்பதில் நீண்ட விவாதம் வேண்டியதில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் 1798-லேயே வேடந்தாங்கல் ஊராருக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார் என்பது அவ்வூரின் கீர்த்தி. ஆனால் அதன் பருவம் ஐப்பசி மழையோடு தொடங்கிப் பங்குனியோடு ஒடுங்குவதாகையால், மே மாதத்தில் பெயரை நம்பிப் போகிறவர் பெரும்பாலும் வற்றிய ஏரியைத்தான் காண்பார். கோடியக்கரையும் குளிர்காலத்துக்கு உரியதே. கோடையில் போகத் தக்கவை, நாங்குநேரிப் பக்கம் வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை குஞ்சு பொரிக்கும் கூந்தன்குளமும், பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியின் யோசனையின்பேரில் மைசூர் அரசு 1940-இல் சரணாலயமாக்கிய, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த காவேரித் திட்டுகளாகிய ரங்கனதிட்டுமே. மலைக்காடு விரும்புவோருக்கு டாப்ஸ்லிப்பும் வால்பாறையும் உண்டு. காட்டுத் தீக்கு அஞ்சிச் சில வனப்பகுதிகளைக் கோடையில் அடைத்துவிடுவது வழக்கமாதலால், விசாரித்த பின்பே மூட்டை கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றிற்கும் முன்னால் சொந்த ஊர்க் கண்மாயை வைப்பேன். இது பட்சபாதம் என்று சொல்வோர் சொல்லட்டும்.

உபகரணத்தில் பைனாகுலரின் பெருமையை விஸ்தரிக்கத் தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்குவதும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் உள்ளதுமான ஒன்றைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் செவிகொடுக்க வேண்டாம். உருவம் பெருகும் அளவுக்குக் கையின் நடுக்கமும் பெருகும். இதோடு ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நான் எச்சரிக்க விரும்புவது அந்த நீண்ட லென்ஸைப் பற்றித்தான். 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ், லட்ச ரூபாய்ச் செலவும் இரண்டு கிலோ பாரமும் வைத்துவிட்டு, அதன் கடைக்கோடியில் காட்டுவதோ ஏறத்தாழ நான்கு பாகை அகலமுள்ள ஒரு துண்டு உலகத்தை. பைனாகுலர் அதைப்போல் இருமடங்கு காட்டும். கோடையிலோ வேறொரு கேடும் சேருகிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் காய்ந்த தரையிலிருந்து எழும் அனல் காற்றின் நெளிவைத் தூரத்துப் பறவையோடு சேர்த்து அந்த லென்ஸ் பெரிதாக்கிக் கொடுப்பதால், எத்தனை விலையுயர்ந்த கருவியாயினும் நாரையின் இறகு நீரில் கரைந்த சாயம்போல் கலங்கியே பதியும். படம் சரியில்லை என்று கண்ட பையன் என்ன செய்கிறான்? கருவியைக் குறை சொல்ல மனமில்லாமல் இன்னும் நெருங்கிப் போகிறான்.

அந்த நெருக்கத்தில்தான் அபாயம் இருக்கிறது; ஏனெனில், கோடை அநேகம் பறவைகளுக்கு இனப்பெருக்கக் காலம். பெண் இருவாச்சி மரப்பொந்தினுள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் வழியே ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழத்தையே நம்பி வாரக்கணக்காக உள்ளே கிடக்கும். மரத்தடியில் காமிராக் கூட்டம் நின்றால் ஆண் அணுகத் தயங்கும், தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் தந்திரமும் இத்தகையதே: எல்லையில் எதிரி புகுந்தான் என்று பதறி அது கூட்டை விட்டு வருகிறது, இவர்களுக்கு ஒரு படம் கிடைக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது என்பதைப் பரிசுக்காகப் பிள்ளையை அனுப்பும் தகப்பனார்கள் அறிவார்களா என்பது சந்தேகம்.

காமிராவை நான் வெறுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே இந்நாட்டு வனவுயிர்களை அழியாமல் நிறுத்தியவர். ஆனால் அவரே 1950 முதல் 1996-இல் மறையும் வரை பத்திரிகையில் இடையறாது எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளைப் படித்தவர்கள், அந்தப் படங்களுக்குப் பின்னால் எத்தனை காலத்துப் பார்வை இருந்தது என்பதை உணர்வார்கள். உதாரணமாக, கரிச்சான் கூடு கட்டிய மரத்திலேயே மாங்குயிலும் புறாவும் கொண்டைக்குருவியும் கூடு கட்டுவதுண்டு. காகத்தையும் பருந்தையும் அது துரத்தியடிப்பதால் மற்றவற்றுக்கும் காவல் கிடைக்கிறது. கரிச்சானின் கண்ணை மட்டும் படச் சட்டத்துக்குள் அடக்க முனைந்தவனுக்கு இது எப்படிப் புலப்படும்? மர நிழலில் உட்கார்ந்து, எது எப்போது வந்தது, எதை விரட்டியது என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கல்லவா தெரியும்!

அப்படி உட்காருவது எல்லோருக்கும் இயல்பன்று. சில பிள்ளைகளுக்குக் கண்ணைவிடக் காது கூர்மையாயிருக்கும். அவர்கள் இலைகளுக்குள் மறைந்த கதிர்க்குருவிகளைக் குரலாலேயே பிரித்தறிவார்கள். சிலருக்குக் கை நன்றாக ஓடும். அவர்கள் கோட்டுச் சித்திரம் வரையட்டும். வேறு சிலருக்கு இதிலெல்லாம் ருசியே இராது. அவர்களை வற்புறுத்தி அழைத்து வருவது அவர்களுக்கும் பறவைகளுக்கும் உபத்திரவம். தம் சுபாவம் இன்னதென்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு கோடை போதாது. அது தெரியும் வரை வீட்டார் பொறுத்திருக்கத்தான் வேண்டும். ஓராண்டு சென்ற பிறகும் காமிராவே வேண்டுமென்று கேட்டால், ஒருவர் உபயோகித்து விற்ற 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்து, வீட்டுக் கொல்லைக் காகத்தையும் வயற்கொக்கையும் எடுக்கச் சொல்லலாம். ஒரே வெயிலில் காகத்தின் கருமையில் இறகின் வரிகள் தெரியவும், கொக்கின் வெண்மை வெளிறிப் போகாமல் பதியவும் பழகும் வரை அதைவிட நீண்ட லென்ஸ் அவனுக்குத் தேவையில்லை.