தேவாங்குக்கு வழி விடும் ஊராட்சித் திட்டம்: தயாரிப்பது எப்படி?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. காட்டுக்குள் வனத்துறை பார்த்துக்கொள்ளும். ஆனால் தேவாங்கு காட்டோடு நின்றுவிடுவதில்லை. வேலியோர வெள்வேலம், சாலையோரப் புளி, தோட்டத்து மரம் என்று இரவெல்லாம் கிளைவழியே பூச்சி தேடுகிற பிராணி அது. அந்த மரங்களுக்காக முதலில் பேச வேண்டியது ஊராட்சிதான். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வேலை ஒன்றே.

முதலில் குழு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் ஊரிலும் அநேகமாகக் காகிதத்தில் இருக்கும். ஊராட்சிச் செயலரிடம் பெயர்ப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஆடு மேய்ப்பவர், ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். தேவாங்கைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது, ஊரின் உயிர்வளத்தை இந்தக் குழு எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் அவசரமாக நிரப்பப்பட்டவை பல. உங்களுடையது எப்படி என்று அறிய எளிய சோதனை: உங்கள் ஊர் ஓடையின் பெயர் அதில் இருக்கிறதா?

பதிவேட்டைத் திருத்த இரவில் நடக்க வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்கு ஆகாது. கிளைகளுக்கிடையே இரண்டு கண்கள் பளபளத்தால் நின்று பார்த்து, மரத்தையும் புல எண்ணையும் எழுதிக்கொண்டு நகருங்கள். தொடவோ விரட்டவோ கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வண்டியில் அடிபட்டும் மின்கம்பியில் சிக்கியும் செத்துக் கிடந்த இடங்களை மறக்காமல் குறியுங்கள். திட்டத்துக்கு மிகவும் பயன்படுபவை அவையே. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் இன்னும் உண்டு என்பதால், பார்த்த இடத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். இடக்குறிப்பு குழுவோடு இருக்கட்டும்.

இனி வரைபடம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபட நகல் வாங்கி, மரத்தொடர் இருக்கும் இடத்தைப் பச்சையிலும் அறுந்த இடத்தைச் சிவப்பிலும் தீட்டுங்கள். பிறகு பக்கத்து ஊராட்சிகளின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாத திட்டம் வீண். உங்கள் எல்லை வரை மரம் வளர்த்து, அதற்கப்பால் வெறும் கம்பி வேலி என்றால் தேவாங்கு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். நாயிடமும் லாரியிடமும் சிக்குவது அங்கேதான்.

சிவப்பு இடங்களுக்கு வைத்தியம் ஒன்றல்ல. கம்பி வேலி போட்ட தோட்டத்தில் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலியை மீட்கலாம். நில உரிமையாளரிடம் பேசித்தான் செய்ய வேண்டும், உத்தரவு போட்டால் நடக்காது. சாலைக்கு மேலே இருபுற மரங்களையும் கயிற்றுப் பாலத்தால் இணைக்கலாம். விபத்து நடந்த கம்பத்துக்கு உறை போட்ட கம்பி கேட்டு மின்வாரியத்துக்கு எழுதலாம். சாலை அகலமாகப் போகிறது என்று காதில் விழுந்தால், மரம் வெட்டும் விண்ணப்பம் வரும்வரை காத்திராமல் மாவட்டப் பசுமைக் குழுவுக்கு வரைபடத்தோடு மனு கொடுங்கள்.

எல்லாவற்றையும் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள். ‘வன உயிர்களைக் காப்போம்’ என்ற தீர்மானத்தால் ஒரு மரமும் பிழைக்காது. புல எண், மர இனம், யார் எப்போது செய்வது என்று எழுத வேண்டும். செலவைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்தால்தான் பணம் வரும்.

உயிர்வளம் மிகுந்த இடம் ஒன்று இருந்தால், அதே உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக்கக் கேளுங்கள். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.215 ஹெக்டேர் 2022 நவம்பரில் அப்படி அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தபோது, ஊர்மக்கள் அந்த அறிவிப்பையும் கிராம சபைத் தீர்மானங்களையும் முன்வைத்துப் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தீர்மான நகல்களை வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், மாநிலப் பல்லுயிர் வாரியம் ஆகியோருக்கு அனுப்புங்கள். பக்கத்து ஊராட்சிகளும் அதே வரைபடத்தை இணைத்து அனுப்பட்டும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.