உரிமை காக்கும் அலுவலகமும் அதன் நிதி, பணியாளர் மேற்பார்வையும்

முன்னுரை

உரிமை என்னும் சொல் மேடைகளில் மிகுதியாக ஒலிக்கிறது. ஆயின் அவ்வுரிமையைக் காப்பதற்கென அரசு நிறுவிய அலுவலகத்தில் எத்தகையோர் பணிபுரிகின்றனர், அதற்கான நிதி எங்கிருந்து வருகிறது, பயணச் செலவுக்கு ஒப்புதல் தருபவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவை எழுத்தர் கவனிக்கும் சிறு செய்திகள் என ஒதுக்கிவிடுகிறோம். அவை ஒதுக்கத்தக்கன அல்ல என்பதைத் தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீரபாண்டியில் ஒரு மனு

எங்கள் வீரபாண்டிப் பகுதியில் தமிழாசிரியர் என்றால் மனு எழுதித் தருபவர் என்றும் ஒரு பொருள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பனியன் கம்பெனி ஒன்றில் டைலராக வேலை பார்த்த ஒடிசா இளைஞர் ஒருவரை என் பழைய மாணவர் அழைத்து வந்தார். விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் தம்மை அடித்துவிட்டனர் என்பது அவர் முறையீடு. அவர் பேசியது ஒடியா. மாணவர் அறிந்தது சிறிது இந்தி. நான் எழுதியது தமிழ். மனுவை ஏந்திச் சென்ற அலுவலகம் வேறோர் அலுவலகத்தைக் காட்டிற்று. அது மற்றொன்றைக் காட்டிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு ஷிப்ட் கூலி போயிற்று. மூன்றாம் முறை அவர் வரவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டார் என அறிந்தேன். அம்மனுவின் படி இன்றும் என் மேசையில் உள்ளது.

சட்டம் வகுத்த அமைப்பு

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1993-ஆம் ஆண்டுக்குரியது. தேசிய ஆணையம் அவ்வாண்டு அக்டோபரிலும், தமிழ்நாட்டு ஆணையம் 1997 ஏப்ரல் 17-ஆம் நாளிலும் அமைக்கப்பட்டன. பொது ஊழியர் இழைக்கும் உரிமை மீறலையும், அதனைத் தடுக்கத் தவறிய அவர்தம் அசட்டையையும் ஆணையம் விசாரிக்கலாம். முதலாளி கூலி தரவில்லை எனில் தொழிலாளர் துறையை நாட வேண்டும்; அரசு ஊழியர் ஒருவர் அடித்தார் எனில் ஆணையத்தை நாடலாம். இவ்வேறுபாட்டை மனு வாங்கும் எழுத்தர் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் அதனை விசாரிக்க இயலாது எனச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு கூறுகிறது. தவறான வாயிலில் நிற்கும் ஏழைக்கு அவ்வோராண்டு விரைந்து கரைந்துவிடும்.

நிதித் திட்டம்

சட்டமன்றம் ஒதுக்கீட்டுக்கு இசைந்தபின், தான் தக்கதெனக் கருதும் தொகையை மாநில அரசு மானியமாக வழங்கும் என்பது 33-ஆம் பிரிவு. அம்மானியத்தை ஆணையம் தன் பணிகளுக்காகத் தக்கவாறு செலவிடலாம் என்பதும் அப்பிரிவே. எனவே பை அரசின் கையிலும், பைக்குள் வந்ததைப் பங்கிடும் பொறுப்பு ஆணையத்தின் கையிலும் உள்ளன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அக்கணக்கைத் தணிக்கை செய்கிறார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தலைவரின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு நிருவாக, நிதி அதிகாரங்களைச் செயலாளரே செலுத்துகிறார்.

ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குரிய மதிப்பீட்டைப் பல திங்கள் முன்னரே அணியம் செய்ய வேண்டும். அங்கேதான் மேற்பார்வையாளரின் அறிவு வெளிப்படுகிறது. சென்ற ஆண்டுத் தொகையின்மேல் சிறிது கூட்டி எழுதுவது எளிது. வந்த மனுக்கள் எத்தனை, எம்மாவட்டத்தின, எம்மொழியின, எத்தனை திங்களாக நிலுவையில் உள்ளன என எண்ணி எழுதுவதே திட்டமிடுதலாகும். ஆணையம் சென்னையில் உள்ளது; திருப்பூரிலிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மாவட்டங்களுக்குச் சென்று ஆணையம் முகாம் அமர்வு நடத்தும்போது நம் தொழிலாளியின் பயணம் சுருங்குகிறது. ஆகவே பயணச் செலவு என்னும் வரியைக் குறைக்கும் எழுதுகோல், அறியாமலே அத்தொழிலாளியின் உரிமையையும் குறைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளருக்குரிய சிறு மதிப்பூதியமும் அத்தகையதே.

பணியாளரும் மேற்பார்வையும்

தெரிந்து வினையாடல் என 52-ஆம் அதிகாரத்தையே வள்ளுவர் இப்பொருளுக்கு ஒதுக்கினார். பதினோராம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்மாவர்தி, ஆட்சியியல் பற்றிய தம் நூலில், முறையீட்டு மன்றமாகிய மழாலிம் அவையில் காவலர், நீதிபதியர், சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சியர் ஆகிய ஐவகையினரும் இருத்தல் வேண்டும் என வகுத்தார். எழுத்தரையும் நீதிபதியோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணியமை ஈண்டு நோக்கத்தக்கது.

நம் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, செயலாளரையும், ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அலுவலரின்கீழ் விசாரணைக் காவலரையும் அரசே ஆணையத்திற்குத் தர வேண்டும் என்கிறது. பிற பணியாளரை, அரசு வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு ஆணையம் அமர்த்திக்கொள்ளலாம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காவலர்மீது வந்த புகாரைக் காவல்துறையிலிருந்து வந்தவரே ஆராய்கிறார். நாளை அவர் தம் துறைக்கே திரும்புபவர். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1993 டிசம்பரில் ஏற்ற பாரிஸ் நெறிகள், இத்தகைய நிறுவனத்திற்குச் சொந்தப் பணியாளரும், அதன் தற்சார்பைக் குலைக்காத போதிய நிதியும் தேவை என்கின்றன. 2023, 2024 ஆகிய ஈராண்டுகளிலும் உலகக் கூட்டமைப்பு நம் தேசிய ஆணையத்தின் தகுதி மதிப்பீட்டை ஒத்திவைத்தது. விசாரணையில் காவல் அலுவலர் ஈடுபடுத்தப்படுவது சுட்டப்பட்ட குறைகளுள் ஒன்றாகும்.

அதனால் மேற்பார்வை என்பது வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பார்ப்பதோடு முடிவதன்று. புகாருக்கு உள்ளான பிரிவோடு தொடர்புடையவரிடம் அக்கோப்பை ஒப்படைக்காதிருத்தல், பழைய கோப்பை முதலில் எடுக்கச் செய்தல், பிற அலுவலகத்திற்குரிய மனுவை வழிகாட்டுக் குறிப்போடு உடனே அனுப்புதல் ஆகியவையே அதன் உயிர்க்கூறுகள்.

முடிவுரை

ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பரிந்துரைக்கு வலிமை கூடியதால், அதனை உருவாக்கும் அலுவலகத்தின் பொறுப்பும் கூடிவிட்டது. போட்டித் தேர்வெழுதி அரசுப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் கொள்வார்களாக! நாளை நீங்கள் அமரும் நாற்காலி சிறியதாகவே இருக்கலாம். உங்கள்முன் ஒருவர் புரியாத மொழியில் பேசி நிற்பார். அன்றைய கூலியை இழந்து வந்திருப்பார். அவரை அடுத்த வாயிலுக்கு விரட்டாமல் அமரச் சொல்லுங்கள். என் மேசையில் உள்ள மனுவைப் போல் இன்னொரு மனு தேங்காதிருக்க அதுவே முதற்படி.