குணச்சித்திர நடிகரின் புகழ்

கேள்வி: தொலைக்காட்சியில் நகைச்சுவை, குணச்சித்திர வேடங்களாலேயே ஒரு நடிகர் நிலைத்த புகழ் பெற முடியுமா? நம் நாட்டில் உதாரணம் உண்டா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: முடியும், நம் மலேசிய நடிகர் மனோ மணியமே அதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம். 1998-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய என்டிவி7 அலைவரிசையில், தந்தையின் காப்பிக்கடையை ஏற்று நடத்தும் மகளையும் அங்கே கூடும் பல இனத்தவரையும் சுற்றி அமைந்த ‘கோப்பிதியாம்’ என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொடரில், ‘அங்கிள் கோப்பி’ என்ற பாத்திரத்தை ஏற்று அவர் வீடுதோறும் அறிமுகமானார். தாய்லாந்து அனுமதி மறுத்தமையால் மலேசியாவில் படமாக்கப்பட்டு 1999-இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் த கிங்’ என்னும் ஹாலிவுட் சித்திரத்தில், ஜோடி ஃபாஸ்டர் ஏற்ற ஆசிரியைக்கு விசுவாசமான பணியாளராகிய மூன்ஷி வேடத்திலும் அவரே தோன்றினார்.

கதாநாயகனுக்காகக் காமிரா காத்திருக்கும். குணச்சித்திர நடிகனோ, பிறர் வசனம் பேசும் வேளையில் ஒரு புருவ அசைவாலும், பதில் சொல்லுமுன் அரைக்கணம் தயங்கும் மௌனத்தாலும் ரசிகரின் கவனத்தைச் சம்பாதித்தாக வேண்டும். வாரந்தோறும் ஒரே வேடத்தில் வந்தும் சலிப்பூட்டாதிருப்பது சாமானிய சாதனையன்று. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மேடையேறும் இளைஞர்கள், நாயக வேடத்துக்கே ஏங்கி நில்லாமல், இத்தகைய சிறு பாத்திரங்களையும் சிரத்தையோடு பயில வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.